ஆற்றுப்படையும் ஒளிப்படமும்: ஆசியப் பயணப் பதிவுகளில் பினாங்குத் தமிழர்

முன்னுரை

பயணம் சென்று மீண்டவர் தாம் கண்டதைப் பிறருக்கு எடுத்துரைப்பது தமிழுக்குப் புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவருக்கு வழி கூறுவதே அவற்றின் அடிப்படை. உரைநடை வளர்ந்த பின்னர்ப் பயணநூல் தனி வகைமையாயிற்று. சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு 1889இல் வெளியிட்ட ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம் அவ்வகையில் முன்னோடி நூல்களுள் ஒன்று. இன்று பயண அனுபவத்தைப் பகிரும் முதன்மைக் கருவியாக ஒளிப்படம் விளங்குகிறது. ஆங்கோர் வாட், பரம்பனான், பாங்காக், தஞ்சாவூர் என ஆசிய நாடுகளைச் சுற்றிவரும் மலேசியத் தமிழரும், பினாங்குக்கு வரும் தமிழகத்தாரும் படங்களோடும் சில வரிக் குறிப்புகளோடும் தம் பயணத்தைப் பிறர்முன் வைக்கின்றனர்.

இப்பதிவுகளைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஓர் ஊரைப் பற்றியும் அங்கு வாழும் மக்களைப் பற்றியும் பிறர் கொள்ளும் கருத்தைப் பெரும்பாலும் இவையே உருவாக்குகின்றன. பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுன் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள தமிழர், படமெடுக்கும் பயணிகளாக மட்டுமன்றி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் எடுக்கும் படத்திற்கு உரியவர்களாகவும் இருந்து வந்துள்ளனர். ஆகவே, பயணப் பதிவு எப்போது பகிர்வாகிறது, எப்போது வெறும் தற்காட்சியாகிறது என்னும் வினாவைப் பினாங்கை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

ஆற்றுப்படையில் பேசுபவர் பயணத்தை முடித்தவர். ஆயினும் பாட்டின் நடுவில் நிற்பவர் அவரல்லர். எதிரே நிற்கும் பாணனும் கூத்தனும் இனிமேல் செல்லவிருக்கும் வழியே பாட்டின் பொருள். சிறுபாணாற்றுப்படை, நெய்தல் நிலத்தார் தரும் மீனையும், எயினர் தரும் புளிங்கறிச் சோற்றையும், உழவர் மனையில் கிடைக்கும் நண்டுக் கலவையையும் நிலம்தோறும் வேறுபடுத்திச் சொல்கிறது. மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேற்சென்று, வழியிலுள்ள இடர்களையும் எச்சரிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி, புனம் காப்போர் எறியும் கவண்கல், பாம்புறையும் இடம், வழுக்கும் பாறை ஆகியவை அங்கே பட்டியலாகின்றன. கண்டவர் தம் வியப்பைச் சொல்வதோடு அமையாமல், கேட்பவரின் காலுக்கும் வயிற்றுக்கும் உதவுவதைச் சொல்கிறார்.

ஆற்றுப்படை புரவலரைப் புகழும் பாட்டு என்பதும் மறுக்கவியலாதது. வழியில் உணவளிக்கும் எயிற்றியும் நுளைச்சியும் மன்னனின் நாட்டு வளத்திற்குச் சான்றாகவே அங்கு இடம்பெறுகின்றனர் என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும், அவ்வுணவை அளிப்பவர் யார், எந்நிலத்தவர், எவ்வாறு விருந்தோம்புவர் என்பவை தெளிவாகக் கூறப்படுகின்றன. அதனால் அவர்கள் வெறும் பின்னணி ஆகிவிடுவதில்லை.

இதிலிருந்து மூன்று வினாக்களைப் பெறலாம். பதிவில் காட்டப்படும் மனிதருக்குப் பெயரும் தொழிலும் சொல்லும் உண்டா? காண்பவர் தம்மை எங்கே நிறுத்துகிறார்? அடுத்து வருபவருக்கு அப்பதிவு எதனைக் கொடுக்கிறது? எழுத்தாயினும் படமாயினும் இவ்வினாக்கள் இரண்டிற்கும் பொருந்தும்.

கண்ணாடித் தகட்டின் பின்னால் இருவர்

ஆசியப் பயண ஒளிப்பட வரலாற்றில் தவறாது குறிப்பிடப்படுபவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன். 1862இல் சிங்கப்பூருக்கு வந்த அவர் சில மாதங்கள் பினாங்கிலும் வெல்லஸ்லி மாநிலத்திலும் தங்கிப் படமெடுத்தார். பின்னர் சயாம், கம்போடியா, சீனா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். ஆங்கோர் வாட்டைத் தொடக்கக் காலத்திலேயே படமெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். மலாக்கா நீரிணை, இந்தோசீனா, சீனா ஆகியவற்றில் தாம் பெற்ற அனுபவங்களை 1875இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

அந்நூலில் பினாங்கைப் பற்றி அவர் தரும் செய்தி ஒன்று தமிழாய்வாளர் கருதத்தக்கது. மனிதக் கை தீண்டாமல் உருவத்தைப் பிடிக்கும் இவ்வித்தையில் ஈடுபடச் சீனர் மறுத்தனர். மலாய்க்காரரும் அஞ்சி விலகினர். எனவே, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இருவரைப் படிகளை அச்சிடவும் தமக்கு உதவவும் பயிற்றுவித்ததாகத் தாம்சன் எழுதுகிறார். அக்காலப் பினாங்கின் மக்கள் சூழலை நோக்க, அவர்கள் தமிழராக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

அவர்களின் பணி சிறிதன்று. அன்று வழங்கிய ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கரைசலைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டில் உருத்துலக்க வேண்டும். வெப்பமண்டல நாட்டில் தகடு விரைவில் காய்ந்துவிடும். தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் இருட்டறைக் கூடாரத்தையும் செல்லுமிடமெல்லாம் சுமந்து செல்ல வேண்டும். படியெடுப்பதும் வெயிலில் வைத்துக் கையால் செய்யும் வேலையே. எனவே, தாம்சனின் பினாங்குப் படங்கள் அவர் ஒருவரின் கைவண்ணம் அல்ல. ஆயினும் ஒளிப்பட வரலாறு அவரைப் போற்றும் அளவில் அவ்விருவரைப் பேசுவதில்லை. பினாங்கில் தமிழரின் ஒளிப்பட வரலாறு படத்திற்கு முன்னால் மட்டுமன்றி, படக்கருவிக்குப் பின்னாலும் தொடங்குகிறது என்பது இதனால் புலனாகும். பயணப் பதிவை மதிப்பிடுகையில், யாருடைய உழைப்பால் அது இயன்றது என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அஞ்சலட்டையும் தைப்பூசமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பினாங்குக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியர் வாங்கியனுப்பிய பட அஞ்சலட்டைகள், இன்றைய பயணப் படப் பகிர்வுக்கு முன்னோடி எனலாம். துறைமுகம், நீர்வீழ்ச்சித் தோட்டம், பினாங்கு மலை ஆகிய காட்சிகளுக்கு இடையே ‘இன மாதிரிகள்’ எனத்தக்க படங்களும் அவற்றில் இருந்தன. தென்னிந்தியரைக் குறிக்கக் ‘கிளிங்’ என்னும் சொல் அவற்றின் விளக்கக் குறிப்புகளில் வழங்கியது. 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக நியமனம் பெற்ற காதர் மொகிதீனின் பதவிப் பெயரிலும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலும் அச்சொல் மதிப்போடு நின்றது. அதே சொல் அஞ்சலட்டையில் பெயரற்ற மனிதரின்மேல் ஒட்டிய அடையாளச் சீட்டாயிற்று. இன்று அது மலேசியத் தமிழரைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. ஒருவரைப் பெயரால் அழைப்பதற்கும் வகையால் அழைப்பதற்கும் உள்ள தொலைவை இச்சொல்லின் வரலாறே காட்டும்.

அஞ்சலட்டை மறைந்தாலும் அதன் பார்வை மறையவில்லை. பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றிய பயணப் படங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1857இல் அமைந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் தண்டாயுதபாணி கோயிலை நோக்கி, நகரின் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் செல்கிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் அமைகின்றன. தேர் வரும் வழியில் தமிழரோடு சீனரும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பது பினாங்கின் தனிச்சிறப்பு. ஆயினும் உலகெங்கும் பரவும் பயணப் படங்களில் பெரும்பாலானவை அலகு குத்திய கன்னத்தையும் முதுகில் தைத்த கொக்கிகளையும் மட்டும் நெருக்கத்தில் காட்டுகின்றன. காவடி எடுப்பவரின் அருகே நடந்துவரும் தாய், அவருக்கு நீர் ஊற்றும் தம்பி, வேலைப் பாடும் குழு, நேர்த்திக்குக் காரணமான நோய் அல்லது பிள்ளைப்பேறு ஆகியவற்றைச் சட்டகம் வெட்டிவிடுகிறது. எஞ்சுவது வலி மட்டுமே. கூட்டு வழிபாடு தனிமனிதனின் விந்தையாகச் சுருங்குகிறது.

அயலார் மட்டுமே இவ்வாறு படமெடுக்கின்றனர் என்று கருதுவது நேர்மையாகாது. தமிழகத்திலிருந்து வரும் பயணிகளும், பிற மாநிலங்களிலிருந்து வரும் மலேசியத் தமிழரும் அதே கோணத்தையே நாடுகின்றனர். பார்வை இனத்தால் அமைவதன்று, பழக்கத்தால் அமைவது.

ஏ.கே. செட்டியார்: படக்கலை பயின்ற எழுத்தாளர்

இப்பழக்கத்திற்கு மாற்றாகத் தமிழில் ஒரு மரபு உண்டு. அதன் தலைசிறந்த சான்று ஏ.கே. செட்டியார் (1911–1983). கோட்டையூரில் பிறந்த அவர் பர்மாவில் தனவணிகன் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1930களில் டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார். 1936இல் ஜப்பான் பற்றிய நூலும், 1940இல் உலகம் சுற்றும் தமிழன் என்னும் நூலும் வெளிவந்தன. மலேயா முதல் கனடா வரை என்னும் பெயரிலும் அவருடைய நூல் ஒன்று உண்டு. 1943இல் தொடங்கிய குமரி மலர் இதழை நெடுங்காலம் நடத்தினார்.

காந்தியடிகளைப் பற்றி அவர் உருவாக்கிய ஆவணப்படம் 1940இல் சென்னையில் திரையிடப்பட்டது. அதற்காக மூன்று ஆண்டுகள் பல நாடுகளில் அலைந்து, பல்வேறு படப்பிடிப்பாளர்கள் முப்பதாண்டுகளில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்தார். ஏறத்தாழ 50,000 அடி நீளம் சேர்ந்த படச்சுருளிலிருந்து 12,000 அடி அளவில் படத்தை அமைத்தார். படக்கருவியை இயக்கத் தெரிந்த ஒருவர், தாம் எடுப்பதைவிடப் பிறர் எடுத்ததைத் தேடிச் சேர்ப்பதில் வாழ்வின் நல்ல பகுதியைச் செலவிட்டார் என்பது சிந்திக்கத்தக்கது. தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து 1968இல் அவர் நூலாக்கியதும் அவ்வியல்பின் தொடர்ச்சியே.

அவருடைய பயண உரைநடையில் தொடர்கள் குறுகியவை, வருணனை அளவானது. அரண்மனையும் நினைவுச்சின்னமும் பெறும் இடத்தைவிட, தொடர்வண்டியில் உடன்வந்தவரும் விடுதிப் பணியாளரும் கடைக்காரரும் பெறும் இடம் பெரிது. ‘நான்’ என்பது வழிகாட்டும் அளவிற்கே வருகிறது. வெளிநாடுகளில் வாழும் தமிழரைக் காணும்போது, அங்கும் தமிழ் ஒலிக்கிறது என்ற வியப்போடு நில்லாமல், அவர்களின் தொழில், உணவு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை விசாரிக்கிறார். ஒளிப்படக்கலை அவருக்கு அளித்த பயிற்சி, கருவியை நீட்டுவதற்கு முன் நின்று பார்க்கும் பொறுமை எனக் கொள்ளலாம். அப்பொறுமையே அவருடைய எழுத்தின் வலிமை.

புனைவிலும் இம்மரபு உண்டு. மேடானில் வாழ்ந்த ப. சிங்காரம் எழுதிய புயலிலே ஒரு தோணி 1972இல் வெளிவந்தது. அது பயணநூல் அன்று. எனினும், மேடானையும் பினாங்கையும் சுற்றுலாக் காட்சியாக அன்றி, வட்டிக்கடையும் போரும் பிரிவும் நிறைந்த வாழ்விடமாகக் காட்டியமையால், அந்நகரங்களைக் காணச் செல்பவருக்கு எந்தக் கையேட்டையும் விட அது மிகுதியாகக் கொடுக்கிறது.

பெருமிதத்தின் கண்

தமிழரின் ஆசியப் பயணப் பதிவுகளில் மற்றொரு குறையும் காணப்படுகிறது. அது பெருமிதத்தால் விளைவது. ஆங்கோர் வாட்டின் முன் நின்று எடுத்த படத்தின் கீழ், அது தமிழ் மன்னன் கட்டிய கோயில் என்னும் குறிப்பைப் பல பதிவுகளில் காணலாம். அக்கோயில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மனால் கட்டப்பட்டது. ‘வர்மன்’ என்னும் முடிவை மட்டும் கொண்டு அவனைத் தமிழனாக்குதல் ஆய்வாகாது.

உண்மையான உறவுச் சான்றுகள் இப்புனைவைவிடச் சுவையானவை. காம்போச மன்னன் முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. இரு பேரரசுகள் ஒன்றையொன்று மதித்துக் கொண்ட உறவு அது. கட்டியவரின் பெயரைப் பறித்து நாம் சூடிக்கொள்ளும்போது, கெமர் மக்கள் தம் நாட்டிலேயே பின்னணியாகிவிடுகின்றனர். அஞ்சலட்டை பினாங்குத் தமிழருக்குச் செய்ததை நாம் கம்போடியர்க்குச் செய்கிறோம்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1960களில் தலைமையேற்ற தனிநாயக அடிகள் இதில் நல்ல முன்மாதிரி. ஒன்றே உலகம் என்னும் பயணநூலின் ஆசிரியரான அவர், தாய்லாந்தின் அரசவைச் சடங்கில் திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்கள் ஓதப்படுவதைப் பற்றி எழுதினார். தமிழின் தடத்தைத் தேடிய அவர், அத்தடம் பதிந்த நாட்டையும் அதன் மக்களையும் தம் நூற்பெயரின் பொருளுக்கேற்ப ஒப்பமதித்தார். தடத்தைத் தேடுவது வேறு. நிலத்தையே உரிமை கொண்டாடுவது வேறு.

பினாங்குக்கு வடக்கே கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கும் இவ்வகையில் கருதத்தக்கது. ‘கடாரம் கொண்ட’ வரலாற்றை நினைந்து அங்குச் செல்லும் தமிழர் பலர். 1930களில் குவாரிச் வேல்ஸ் அங்கு அகழாய்வு செய்தார். 2009 முதல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய தடயங்கள் மிகுதியாகக் கிடைத்தன. அங்கே உலைகளை மூட்டி உழைத்த உள்ளூர் மக்களின் வரலாறு, 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நிழலில் மறைந்துபோகக் கூடாது.

2013இல் அப்பகுதியில் சண்டி 11 எனப்பட்ட கோயில் எச்சம் நிலமேம்பாட்டுப் பணியின்போது தகர்க்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. அவ்வாறு ஓரிடம் அழிந்தபின், அதனை முன்னர்ச் சென்று கண்டவர் எடுத்த படமே எஞ்சும் சான்றாகிறது. அடித்தளத்தின் அமைப்பும் செங்கல் வரிசையும் தெரிய எடுத்து, இடமும் நாளும் குறித்து வைத்த படம் ஆவணம். தம் முகத்தால் அடித்தளத்தை மறைத்து எடுத்த படம், அவர் அங்குச் சென்றதற்கு மட்டுமே சான்று.

ஜார்ஜ் டவுன் சுவர்கள்

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாயிற்று. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியத் தெருச் சுவரில் மிதிவண்டியில் செல்லும் இரு சிறுவரை வரைந்தார். உண்மையான மிதிவண்டியைச் சுவரில் பொருத்தி அமைத்த அவ்வோவியத்தின் அருகே நின்று படமெடுத்துக் கொள்வது பயணிகளின் வழக்கமாயிற்று. ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா பின்னர் வரைந்த ‘இந்தியப் படகோட்டி’ என்னும் சுவரோவியமும் புகழ்பெற்றது. உழைத்த முகத்தின் கம்பீரத்தை அதில் அவர் மதிப்போடு வடித்துள்ளார். ஆயினும் தலைப்பை நோக்குக. இனமும் தொழிலும் உண்டு, பெயர் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய அஞ்சலட்டைக் குறிப்பின் இலக்கணமே இங்கும் தொடர்கிறது.

அழகிய கடைவீடுகளின் படத்தில் காணவியலாத செய்தி ஒன்றுண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அதன்பின் வாடகை உயர்ந்து, நகரின் உட்பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் பலர் வெளியேறினர். பாரம்பரியத் தகுதி சுவர்களுக்குக் கிடைத்தபோது, அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோரின் எண்ணிக்கை குறைந்திருந்தது. குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலின் கோபுரத்தையும், பாசார் தெருவின் பூக்கடையையும் மளிகைக் கடையையும் படமெடுப்பவர், இக்கடைக்காரர் இப்போது எங்கே குடியிருக்கிறார் என ஒரு வினா கேட்டால், அவருடைய பதிவு வேறொன்றாகிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சாதாரணப் பயணியிடம் ஆய்வாளரின் பொறுப்பை எதிர்பார்ப்பது முறையா? நெடுங்காலம் பிறர் படத்தில் பெயரின்றி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் கைப்பேசியால் உலகைப் படமெடுக்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் குறைசொல்வது தகுமா? இம்மறுப்பில் நியாயம் உண்டு. தோட்டத்தில் பிறந்த மூதாட்டி ஒருவர் தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம் அவர் குடும்பத்திற்குப் பெரும்பேறு. தம் முகம் படத்தில் இருப்பது குற்றமன்று. படக்கருவி நம் கைக்கு வந்தபின்னும், அதன் பழைய பார்வையை மாற்றாமல் பிறர்மேல் திருப்புவதே குறை. பெயரின்றி நின்ற துன்பத்தை அறிந்தவர்கள் பிறரைப் பெயரோடு காட்டுவதில் முந்தி நிற்க வேண்டும்.

முடிவுரை

பயணப் பதிவின் தரம் படத்தின் தெளிவிலோ சென்ற நாடுகளின் எண்ணிக்கையிலோ இல்லை. காட்டப்பட்டவருக்குப் பெயரும் குரலும் கொடுத்து, காண்பவரை ஓரமாக நிறுத்தி, அடுத்து வருபவருக்குப் பயன்படும் செய்தியைத் தருவதில் உள்ளது. சங்கப் பாட்டு அதனைப் பாணனுக்குச் செய்தது, ஏ.கே. செட்டியார் உரைநடையில் வாசகனுக்குச் செய்தார்.

இம்மதிப்பீட்டைத் தொடங்கத் தக்க இடம் வகுப்பறை. ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரை, புறப்பட்ட நேரத்தில் தொடங்கிக் களைப்போடு வீடு திரும்பியதில் முடிவது வழக்கம். இடையில் வரும் மனிதர் எவருக்கும் பெயர் இராது. அதற்கு மாறாக, சென்ற ஊரில் ஒருவரிடமேனும் பேசி, அவர் இசைவோடு பெயரையும் தொழிலையும் கேட்டெழுதவும், படமெடுத்தால் இடமும் நாளும் குறிக்கவும், அடுத்துச் செல்லும் மாணவருக்கு ஒரு குறிப்பை விட்டுச் செல்லவும் ஆசிரியர் பணிக்கலாம். ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய செய்யுட் பகுதியாக மட்டும் கற்பிக்காமல், எழுதும் முறையாகவும் கற்பிக்க அதுவே வழி. பினாங்குத் தெருக்களில் நாளை படமெடுக்கப் போகிறவர்கள் அம்மாணவர்களே.